சத்தக்காரர்கள்

"இந்த ஆளுங்களே இப்படித்தான்," என்றாள் லைப்ரரியம்மா, நாலாவது தடவையாக.

கணவர் பேப்பரை இறக்கவில்லை. "நான் இன்னும் முதல் பக்கத்தையே தாண்டலை. நீ அதுக்குள்ள நாலு தடவை சொல்லிட்டே."

அதே ரயில் பெட்டியில் சில வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தது அந்தக் கும்பல். ஐந்து பேர். வேறு நிறம், வேறு ஜாடை, ஓர் எழுத்துகூடப் புரியாத பாஷை. கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்பதை சிமெண்ட் படிந்த பைகளே சொல்லின. கொஞ்ச நேரம் பெட்டிப்பாம்பாக இருப்பார்கள். திடீரென்று ஐந்து பேரும் ஏதோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்துவார்கள், கை தட்டுவார்கள். ஒருத்தன் தகரப் பெட்டியில் தாளம் போடுவான். அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு. காலையிலிருந்து இதே கூத்து.

லைப்ரரியம்மா வாழ்நாளெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து "ஷ்" சொல்லியே ரிட்டையர் ஆனவள். வீட்டில் மிக்ஸி போடுவதென்றால்கூட சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் குரல் உயர்ந்து கணவரே கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் தணிந்துவிடும், அவருக்கு அதுதான் பயமே.

எதிர் சீட்டில் டை கட்டியவர் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆபீஸையே நடத்திக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "இதுங்களுக்கெல்லாம் மேனர்ஸே கிடையாது மேடம். பிறவியிலயே வராது," என்று சொல்லிவிட்டு, மறுபடி ஸ்பீக்கரில் கத்தப் போனார். அந்தச் சத்தம் மட்டும் அவள் காதில் விழவில்லை. நம்ம ஆள், நம்ம பாஷை.

அங்கே மறுபடி தாளம் ஆரம்பித்தது. அவள் எழுந்தாள்.

"விடேன். கொஞ்ச நேரத்துல நாம இறங்கப் போறோம்."

"யாராவது ஒருத்தர் சொன்னாத்தானே தெரியும்?"

அவர்கள் முன்னால் போய் நின்று உதட்டில் விரலை வைத்தாள். "இது பொது இடம். உங்க வீடு இல்ல."

நரைத்த மீசைக்காரர் அவசரமாக எழுந்தார். அவருக்கு மட்டும் கொஞ்சம் தமிழ் வரும் போலிருந்தது. "கொஞ்சம் நேரம், அம்மா. ஆள் வரணும். வந்தா, நிறுத்து."

"ஆள் வர்றதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டணும்? கால் இருக்கில்ல, தானா வருவாரு. இன்னொரு தடவை சத்தம் கேட்டுது, டிக்கெட் பாக்கறவர்கிட்ட சொல்லி இறக்கி விட்டுடுவேன்."

'இறக்கி' மட்டும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. தாளம் நின்றது. மீசைக்காரர் சொல்ல வந்ததற்கு வார்த்தை தேடினார். அவள் காத்திருக்கவில்லை.

"பாத்தீங்களா? சொல்ற விதத்துல சொன்னா கேக்கறாங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"சூப்பர் மேடம்," என்ற டைக்காரர், சிக்னல் கிடைக்கவில்லை என்று போனோடு எழுந்து, அந்தக் கும்பலையும் தாண்டி எதிர்ப்பக்கக் கதவை நோக்கி நடந்தார்.

பெட்டியில் அவளுக்குப் பிடித்த நிசப்தம். ஆசையாகப் புத்தகத்தை எடுத்தாள். அரைப் பக்கம்கூடப் படித்திருக்க மாட்டாள்.

எதிர்ப்பக்கக் கடைசியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் வந்தான். மடிப்புக்கூடக் கலையாத புதுச்சட்டை. சிரித்த முகமாக வந்தவன் பாதி வழியில் நின்றான். காதை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். சிரிப்பு போய்விட்டது. காற்றில் துழாவிய கை டைக்காரர் தோளில் இடித்தது.

"யோவ், கண்ணு தெரியலையா?"

தெரியவில்லை.

லைப்ரரியம்மா அந்த ஐந்து பேரையும் பார்த்தாள். எல்லாரும் சீட் நுனியில் இருந்தார்கள். அவனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் வேகமாக அவர்களிடம் போனாள். "போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்களேன்."

"கை பிடிச்சா அவனுக்குக் கோபம், அம்மா," என்றார் மீசைக்காரர் மெல்ல. "வேலையில சுண்ணாம்பு தெறிச்சு, கண்ணு போச்சு. இன்னிக்கு ஊருக்குப் போறான். ஸ்டேஷன்ல பொண்டாட்டி நிக்கும். அவ முன்னால யார் கையும் பிடிக்காம நடக்கணும், சொல்றான். காலையிலேருந்து பழகறான். அங்க வரைக்கும் போவான். நாங்க கூப்பிடும், அவன் வரும். சரியா வந்தா, நாங்க சிரிக்கும்."

லைப்ரரியம்மா திரும்பிப் பார்த்தாள்.

நடைபாதை நடுவில் அவன் நின்றுகொண்டிருந்தான். பெட்டி நிறைய ஜனம் இருந்தும் அவனுக்கு அங்கே யாருமே இல்லை. அந்த நிசப்தம் அவள் போட்டது.

காலையிலிருந்து காது புளிக்கக் கேட்ட அந்த வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் மனப்பாடம் ஆகியிருந்தது. இரண்டு கையையும் தட்டி, அடிவயிற்றிலிருந்து அதைக் கத்தினாள்.

கணவர் கையிலிருந்து பேப்பர் நழுவியது.

இளைஞனின் புருவம் உயர்ந்தது. தெரிந்த வார்த்தை, தெரியாத குரல். மெதுவாக முகத்தில் சிரிப்பு திரும்பியது. காலை எடுத்து இந்தப் பக்கமாக வைத்தான். அதற்குள் ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள், தகரப் பெட்டியும்தான்.

"மேடம், நீங்களுமா?" என்றார் டைக்காரர் போனைப் பொத்திக்கொண்டு. "கொஞ்சம் மெதுவா."

"முடியாதுங்க," என்றாள் அவள், கைதட்டலை நிறுத்தாமல். "தம்பி இன்னும் சீட்டுக்கு வந்து சேரலை."