இடது கால் பூட்ஸ்

எட்டாம் நம்பர் வலது காலுக்குக் கச்சிதமாக இருந்தது. இடதுதான் கடித்தது.

"சுண்டுவிரல் பக்கம் தாயி" என்றார் ஊர்க்காவலன்.

பிரீத்திகா ஒன்பதை எடுத்துக் கொடுத்தாள்.

பட்டாசு கம்பெனிகளுக்குக் கையுறையும் பருத்திச் சட்டையும் விற்கிற கடை அது. தொடை வரை ஏறும் இந்த ரப்பர் பூட்ஸ், கண்மாய் மீன் ஏலம் எடுக்கிறவர்கள் தண்ணீரில் இறங்குவதற்காகக் கேட்டு, அவள் அப்பா வரவழைத்தது. தீபாவளி சீசன் முடிந்துவிட்டதால் கடையில் வேறு ஆளில்லை.

அவள் மாடியில் சரக்கு அடுக்கிவிட்டு இறங்கி வந்தபோதே ஊர்க்காவலன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தரையைத் தொடும் சலவை வேட்டி. வாசலில் அவரும் மனைவியும் வந்த ஆட்டோ நின்றது.

மாட்டிவிடப் போனவளிடமிருந்து அவர் மனைவி வள்ளித்தாய் பூட்ஸை வாங்கிக்கொண்டாள். அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கடைக்கு முதுகைக் காட்டியபடி, வேட்டியை விலக்காமலேயே உள்ளே கைவிட்டு இழுத்து ஏற்றினாள். கூச்ச சுபாவமாக இருக்கும் என்று பிரீத்திகா நினைத்துக்கொண்டாள்.

"மீன் பிடிக்கவா அண்ணே?"

"தண்ணிக்குத்தான்" என்றார் அவர். வள்ளித்தாய் அவசரமாக, "ஆமா, மீனுக்குத்தான்" என்றாள்.

ஒன்பதும் கடித்தது. பத்தும் கடித்தது.

ஒரே ஆளுக்கு இரண்டு காலும் இவ்வளவு வித்தியாசப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"தண்ணிக்குள்ள போடுறது லூசா இருந்தா சகதி உருவிரும் அண்ணே. இறுக்கமா இருந்தா கால் மரத்துப்போகும். எந்திரிச்சு நாலு எட்டு நடந்து பாருங்க."

அவர் எழவில்லை. தெருவில் பெட்டி ஏற்றிக்கொண்டு போன லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் எதுவரைக்கும் வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று பிரீத்திகா குனிந்தாள். வள்ளித்தாய் தடுப்பதற்குள் இடது பூட்ஸின் முனையை அழுத்திவிட்டாள்.

அவள் கட்டைவிரல் அடி ரப்பர் வரைக்கும் போனது.

நுனியில் இடம் அதிகம் போலிருக்கிறது என்று கையைப் பின்னால் நகர்த்தினாள். புறங்கால் இருக்க வேண்டிய இடம் அமுங்கியது. கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பரும் ரப்பரும் ஒட்டிக்கொண்டன. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. மொழுக்கென்று, அங்கேயே முடிந்துபோனது.

கையை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வள்ளித்தாய் அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை அசைத்தாள்.

ஒன்றும் தெரியாதவள்போல் காட்டிக்கொள்ளவே பிரீத்திகா மறுபடியும் முனையை அழுத்தினாள், சுண்டுவிரல் பக்கமாக. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவர் மூச்சை உள்ளே இழுத்தார்.

"அங்கனதான்."

அவர் பார்க்கிறாரா என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். சத்தமில்லாமல் விரலைப் பின்பக்கம் கொண்டுபோய் அழுத்தினாள்.

"அது குதிங்கால். அங்கன ஒண்ணுமில்ல தாயி" என்றார். இப்போதும் அவர் குனிந்து பார்க்கவில்லை.

மேலே இன்னொரு நம்பர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். வள்ளித்தாய் மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"ஆனி மாசம் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு கம்பெனி வெடிச்சதுல்ல, அதுல போச்சு" என்றாள், குரலை இறக்கி. "வெடிச்ச மருந்து ரூம் கண்மாய்க்கரைய ஒட்டி இருந்துச்சு. மூணு நாள் தேடுனாக. கால் மட்டும் கிடைக்கல. அப்ப கண்மாய்ல பொட்டுத் தண்ணி இல்ல. இவுகளுக்கும் அதுல ஒரு வலியும் இல்ல."

பிரீத்திகா பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஐப்பசி மழைக்குக் கண்மாய் பெருகிருச்சு. இவுக மதுரை ஆசுபத்திரில கிடந்தாக, யாரும் சொல்லல. அன்னைக்கு விடிஞ்சதும், வள்ளி, இடது காலு ஜில்லுன்னு இருக்கு, துடைச்சுவிடுங்காக." அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "பத்து நாளைக்கு முன்ன ஏலம் எடுத்தவுக மீன்குஞ்சு கொண்டாந்து விட்டாக. அன்னையிலருந்துதான் கடிக்குது கடிக்குதுன்னு தூக்கமில்ல. ரப்பர் பூட்ஸ் போட்டா நிக்கும்னு அவுகளேதான் கூட்டியாரச் சொன்னாக. கடிக்கிறது பூட்ஸ் இல்ல தாயி."

மாடியில் பிரீத்திகா பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள்.

பதினொன்றாம் நம்பர் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, இருப்பதிலேயே கனமான ரப்பர். அதோடு கம்பளிக் காலுறை ஒன்றும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இந்த முறை வள்ளித்தாய் குறுக்கே வரவில்லை. பிரீத்திகா அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். காலுறையைச் சுருக்கமில்லாமல் விரித்து பூட்ஸுக்குள் இறக்கினாள். குதிங்கால் குதிங்காலில் வருகிறதா என்று கைவிட்டுச் சரிபார்த்தாள். பிறகு, புண்ணுள்ள காலுக்கு மாட்டுகிற பதனத்தோடு, தொடை வரை மெல்ல ஏற்றி வாரைக் கட்டினாள்.

"உள்ள எதுவும் வராதுல்ல?"

"வராது அண்ணே."

அவர் கண்களை மூடிக்கொண்டார். வெளியே ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவர் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. தோள் தளர்ந்து சுவரில் சாய்ந்தது.

"விட்டிருச்சு" என்றார்.