ஒரு பொட்டு கூடுதல் சத்தம்

"உங்க பின்னாலேருந்து ஒருத்தன் வர்றான். கையில துப்பாக்கி. காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேக்குது, மேடம்?"

ஃப்ரீசன் அம்மாள் பதறவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்துக்கொண்டு தாராஸின் முகத்தையே பார்த்தாள். "அடுத்ததைப் போடு தம்பி" என்றாள்.

தாராஸ் அடுத்ததை மாட்டிவிட்டான். வீடியோ கேமில் வரும் அந்தத் துப்பாக்கிக்காரன் மறுபடியும் முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தான்.

கனடாவின் ரெஜைனா நகரில் அன்று மைனஸ் முப்பது டிகிரி குளிர். மாலில் ஈ காக்கை இல்லை. காலையிலிருந்து கடைக்குள் வந்த ஒரே ஆள் இந்த அம்மாள்தான். வந்ததும் பூட்ஸில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, வேண்டியதை நேராகச் சொல்லிவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர். முதுகுல ஆபரேஷன் ஆகி மூணு மாசமா படுக்கை. பகலெல்லாம் சுடற விளையாட்டு, சாயங்காலமானா பாட்டு. ரெண்டுக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு வேணும், நல்லதா."

இரண்டுக்கும் சேர்த்து நல்லது எது என்று தாராஸுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பாட்டுக்கென்று செய்த அந்தச் சாதுவான கறுப்பு ஹெட்போன். அதில் கிட்டார் கிட்டாராகக் கேட்கும், காலடிச் சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரியும்.

ஆனால் அவன் விற்க வேண்டியது, சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு மைக் நீட்டிக்கொண்டிருந்த விளையாட்டு ஹெட்போனை. விலையும் அதிகம். போன மாதம் விற்றதில் நான்கு, கீல் உடைந்து திரும்பி வந்திருந்தன.

"சனிக்கிழமைக்குள்ள அந்த அடுக்கு காலியாகணும்" என்று மேனேஜர் க்ளென் காலையில்தான் சொல்லியிருந்தான். "இல்லேன்னா திங்கக்கிழமை வேற ஆளைப் பாத்துக்கறேன். உனக்கும் வெளியே பனி தள்ளற வேலை ஏதாவது கிடைக்காமலா போகும்?"

அதனால் தாராஸ் அந்தக் கேவலமான வேலையைச் செய்தான். சத்தம் ஒரு பொட்டு கூடுதலாக இருந்தாலே மனிதக் காது அதை நல்ல ஒலி என்று நம்பிவிடும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவில் வைப்பதுதான் நியாயம். கவுண்டருக்கு அடியில் இருந்த குமிழை, சிவப்பு விளக்குக்காரனுக்கு மட்டும் யாரும் பார்க்காமல் திருகிவிட்டான்.

பிறகு இரண்டிலும் ஒரே பாட்டைப் போட்டான். அம்மாள் கண்ணை மூடினாள். இரண்டாவதாகச் சிவப்பு விளக்கு ஹெட்போனை மாட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான்! மொதல்ல போட்டது சும்மா கெடக்குது. இது நல்லா துடிக்குது."

"நல்ல தேர்வு மேடம்" என்றான் தாராஸ். சொல்லும்போதே நாக்கு கூசியது.

ஹெட்போனைக் கழற்றி அவனிடம் கொடுத்தவள், கையுறையைப் போடாமல் நின்றாள். "அவர் பாட்டுக் கேக்கும்போது நான் பக்கத்துல உக்காந்து, அவர் காதுல இருக்கற ஹெட்போன் மேல கை வச்சிட்டிருப்பேன். கல்யாணமான புதுசுலேருந்தே அப்படித்தான். போன வாரம் அந்தப் பழைய ஹெட்போனும் செத்துப்போச்சு, மனுசன் ஒடிஞ்சே போயிட்டாரு."

தாராஸ் ரசீது மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கடை ஏறி எறங்கிட்டேன் தம்பி. ஹெட்போன் போட்டுப் பாக்கணும்னதும் ஒரு மாதிரி சிரிச்சாங்க. நீதான் மூஞ்சி சுளிக்காம எடுத்துக் காட்டினே. நல்லா இரு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். சிவப்பு விளக்குப் பெட்டியை எடுப்பதற்காகப் பின்னால் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பினான். கை அந்தப் பெட்டியின் மேல் போனதே தவிர, அதை எடுக்க மனம் வரவில்லை. படுக்கையில் கிடக்கிற ஒரு லாரிக்காரரின் காதில் இது இன்னும் எத்தனை நாளைக்கு நிற்கும்?

திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அலமாரியைப் பார்த்தபடியே பேசினான்.

"அம்மா, நான் உங்களை ஏமாத்திட்டேன். இதுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி வச்சேன். அந்தக் கறுப்புதான் ரெண்டுக்கும் நல்லது, விலையும் கம்மி. இது ஒரு மாசத்துல ஒடைஞ்சிடும். இதை விக்கலேன்னா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன். தப்புதாம்மா. என்ன வேணா திட்டுங்க, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னாலும் கூப்பிடறேன்."

பின்னால் சத்தமே இல்லை. அவன் காத்திருந்தான். ஒரு வசவு, ஒரு சீச்சீ, எதுவுமே வரவில்லை. அந்த மௌனத்தில் அவனுக்குக் காது மடலெல்லாம் சூடேறியது. ஆனாலும் நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கிவிட்டது. நல்லவேளை, சொல்லியாகிவிட்டது. இனி வேலை போனால் போகட்டும்.

தோளில் மெதுவாக ஒரு கை தட்டியது.

திரும்பினான். ஃப்ரீசன் அம்மாள் கவுண்டருக்கு மேல் எட்டிக் கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிட்டாள்! தாராஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னமோ ரொம்ப நேரமாப் பேசினே போல, தாடை அசைஞ்சுது" என்றாள் அவள். "எனக்குக் காது கேக்காதுப்பா, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."