கெட்டவனும் நான்தான்

"இவன்தான்! இதே மூஞ்சி, இதே சுருட்டை முடி!" என்று கத்திக்கொண்டே வந்து ஊர்க்காரி சின்னத்தாய் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபோது, வெங்கடேஷ்பாபுவுக்குப் பயம் வரவில்லை. நெஞ்சு பூரித்தது. நடிக்க வந்த இத்தனை வருடத்தில் தெருவில் ஒருவர் அவனை அடையாளம் கண்டுகொள்வது இதுதான் முதல் தடவை.

கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்து டீக்கடை. அன்றைய படப்பிடிப்புக்கு முதல் ஆளாக வந்து சேர்ந்து, அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ செஞ்ச காரியத்துக்கு வெளங்குவியாடா நீ?"

ஞாயிறு சாயங்காலம்! அவனுடைய தொடரில் இரட்டையர் அத்தியாயம் ஒளிபரப்பான நேரம்.

தொடரில் அவனுக்கு மின்னவன் என்ற ரோபோ வேடம். "உங்க முகத்துல எதுவுமே வராது சார், அதான் கூப்பிட்டேன்" என்று இயக்குநர் எல்லோர் காதிலும் விழும்படியே சொல்லியிருந்தார். போன வாரம் கதையில் அந்த ரோபோவுக்கு ஒரு கெட்ட இரட்டை முளைத்தது. நல்லதும் அவன்தான், கெட்டதும் அவன்தான். இதே மலையில் எடுத்த காட்சியில், கெட்ட ரோபோ நல்ல ரோபோவின் குரல் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதைப் பாறையிலிருந்து இடித்துத் தள்ளும்.

ஞாயிறன்று முனிச்சாலை வீட்டில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் டிவி முன்னால் உட்கார வைத்திருந்தான். கெட்டவன் வந்து செய்ய வேண்டிய கொடுமையெல்லாம் செய்து முடித்த பிறகு, மனைவி ஸ்வப்னா கேட்டாள்: "ஏங்க, அந்தக் கெட்டவன் எப்ப வருவான்?" மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்ட நடிகனுக்கு இப்போது நடுத்தெருவில் சாபம் கிடைக்கிறது. இதற்கு மேல் என்ன விருது வேண்டும்?

"அது பாட்டுக்குத்தானடா போய்க்கிட்டிருந்துச்சு? உன்ன என்னடா பண்ணுச்சு? இடிச்சுக் கொன்னுட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போனியே!"

'அவன்' என்று சொல்லாமல் 'அது' என்கிறாள். ரோபோ என்பதை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ரசிகையா! வெங்கடேஷ்பாபுவுக்குக் கண் கலங்கியது.

"பெத்த புள்ள மாதிரி பாத்தேனேடா அத! அது கத்துன கத்து இன்னும் என் காதுலயே நிக்குது!"

அவனுக்குப் புல்லரித்தது. அந்தக் காட்சியில் அலறல் கிடையாது. ஓர் அலறல் வைக்கலாம் என்று அவன் எவ்வளவோ கெஞ்சியும், "உங்க குரல் வேணாம் சார், பேசாம கீழ விழுங்க" என்று இயக்குநர் அடக்கிவிட்டார். சத்தமே போடாமல் விழுந்தவனின் அலறல் இந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது!

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சின்னத்தாயின் தம்பி முத்திருளன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடி முன்னால் வந்தார்.

"ஏய்யா, அக்கா சொல்றது நெசமா? நீதானா?"

"நான்தாண்ணே!" என்றான் வெங்கடேஷ்பாபு கம்பீரமாக. "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து எடுங்கண்ணே. இடது பக்கம் எனக்கு நல்லா எடுப்பா இருக்கும்."

முத்திருளன் திகைத்துப் போய் இடம் மாறி நின்றார். "தெரியாமத்தான செஞ்ச?"

"தெரியாமயா? முதல் நாளே ஒத்திகை பாத்துட்டுல்ல செஞ்சேன்!"

கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். அந்தச் சொல் அவன் காதில் கைத்தட்டலாக விழுந்தது.

"மனசு உறுத்தலயாய்யா உனக்கு?"

"உறுத்துனா எப்படிண்ணே? சிரிச்சுக்கிட்டே செய்யணும். அங்கதான இருக்கு திறமையே!" சொன்னதோடு நில்லாமல், ஞாயிறன்று வீட்டில் ஒருவரும் கவனிக்காத அந்தக் கோணல் சிரிப்பை எல்லோரும் பார்க்கும்படி சிரித்தும் காட்டினான்.

பளாரென்று ஓர் அறை விழுந்தது. சின்னத்தாயின் கை நன்றாக உழைத்த கை. வெங்கடேஷ்பாபுவுக்குக் காது அடைத்து, கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது.

கன்னத்தைத் தடவிக்கொண்டே அவளைக் கும்பிட்டான். "ரொம்ப நன்றிம்மா. என் பொண்டாட்டி பக்கத்துல இருந்து பாத்திருக்கணும்."

அடித்த கைக்கு இது புதிதாக இருந்திருக்க வேண்டும். சின்னத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பைத்தியக்காரப் பயகிட்டயா அத நான் பறிகுடுத்தேன்…"

அழுகையைப் பார்த்ததும் அவனுக்கு மனசு தாங்கவில்லை. இவ்வளவு தத்ரூபமாக நடித்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. கதையின் முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று இயக்குநர் போட்டிருந்த உத்தரவையும் மறந்து, அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அழாதீங்கம்மா. உங்களுக்கு மட்டும் சொல்றேன், அது சாகல."

அவள் விசும்பலை நிறுத்தினாள். "என்னது?"

"சத்தியமாம்மா. கழுத்த நேரா மாட்டி, பேட்டரிய மாத்துனாப் போதும், எந்திரிச்சு நின்னுரும். அடுத்த ஞாயித்துக்கெழம டிவியப் போட்டுப் பாருங்க, ஜம்முனு நடந்து வரும்!"

சின்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் வெள்ளாடு எதுக்குடா டிவியில வருது?"