தேய்ந்த இடம்

எழுபத்தி நாலில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயிண்டராக இருந்த லோகநாதனின் வீட்டில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடார் கிடந்தது. தம்பி வரதனுடையது. அவன் செத்தபின் கச்சேரிக் குழுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசிக்கும்போது முன்கை உரசிய இடத்தில் சிவப்பு போய் மரம் தெரிந்தது.

தேய்ந்த மரம் நாள்பட்டால் கறுத்துவிடும். இதுவோ ஐந்து வருஷமாக யாரும் தொடாமலே வெள்ளையாகத் தேய்ந்துகொண்டே வந்தது.

"பெயிண்ட் அடிச்சிடட்டா?" என்று மனைவி வரலட்சுமியிடம் கேட்டான்.

"ஒங்க தம்பி வந்து போற எடம் அது ஒண்ணுதான் கீது. அத்தயும் அடைக்கணுமா?"

பாட்டுக் கச்சேரிக்குப் போகிறவனுக்கு இங்கே இடமில்லை என்று முன்பு ஒருநாள் வரதனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவன் லோகநாதன்தான். அந்த வெள்ளையைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளால் தேய்த்துச் சிவப்பு அடித்தான். அதன்பின் கிடார் தேயவில்லை.

மறுமாதம் தெருக்கதவின் வெளிப்பக்கம், முன்கை அகலத்துக்குப் பச்சைப் பெயிண்ட் போய் வெள்ளை மரம் தெரிந்தது.

அன்றிலிருந்து கதவைத் திறந்தே வைத்தான். யாரும் வரவில்லை. கதவின் மரம் மெல்லக் கறுக்கத் தொடங்கியது.