அந்த ஐந்து வருடம்

“கேஸை வாபஸ் வாங்கிரலாம்னு இருக்கேன், கிளெமென்ட்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ராயப்பராஜ்.

திண்டுக்கல் நாகல்நகர் வீட்டு வாசலில் பைக்கோடு காத்திருந்த கிளெமென்ட் எஞ்சினை அணைத்தார். “வேற படையில இருந்து தற்காலிகமா டெபுடேஷன்ல வந்து அஞ்சு வருஷம் இந்தப் படையில ஒழச்சிருக்கீங்கண்ணே. நிரந்தரமாச் சேத்துக்கிட்ட தேதியில இருந்துதான் சீனியாரிட்டின்னா, அந்த அஞ்சு வருஷம் எங்க போச்சு?”

“எட்டு வருஷமா சென்னைக்கும் மதுரைக்கும் அலையிறேன். இனி ஏலாதுப்பா.”

“அம்புட்டு அலைஞ்சிட்டு இப்பப் போயி விடுறதா? ஏறுங்க. பதினோரு மணிக்கு மதுரையில வாய்தா.”

மனைவி ரூபி கேஸ் கட்டைக் கொண்டுவந்து ராயப்பராஜின் கையில் திணித்தாள். “தம்பி சொல்றதக் கேளுங்க.”

மதுரை கோர்ட் வராந்தாவில் கிளெமென்ட்டைப் பார்த்ததும் வக்கீலுக்கு முகம் மாறியது. ராயப்பராஜைத் தனியே இழுத்தார்.

“என்ன சார், எதிர்மனுதாரரையே கூட்டிட்டு வந்திருக்கீங்க? நீங்க ஜெயிச்சா போறது இவரோட இன்ஸ்பெக்டர் பதவிதானே?”

கிளெமென்ட்டின் காதில் அது விழுந்துவிட்டது.

“போகட்டும் சார். அண்ணன் கேஸை விட்டுட்டா, ரிட்டயர் ஆகுற வரைக்கும் தெனமும் காலையில எனக்கு சல்யூட் அடிப்பாரு. பதிலுக்கு என் கை எந்திரிக்க மாட்டேங்குது.”