மகுடபதி போட்ட ஓட்டை

பக்கத்து ஃபிளாட் செங்கதிரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் நறுமுகை சொன்னதிலிருந்து, மகுடபதிக்கு நடுச்சுவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. காதலர்கள் இருவரும் அதைத் தட்டித் தட்டியே பேசிக்கொண்டார்கள். பலகை அடித்து மூடிவிடலாம் என்று டிரில்லை வைத்து ஆத்திரத்தோடு அழுத்தினார். முனை அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தது.

அதை உருவியதும், கட்டடம் முழுவதையும் இயக்கும் கணினியின் குரலில் வீடு பேசியது. "சுவரில் இடைவெளி. இரண்டு ஹாலும் இனி ஒரே அறை. அறையில் இருப்பவர்கள் நான்கு பேர்." இரண்டு பக்கத்து ஃபேன்களும் ஒரே வேகத்தில் சுழன்றன.

"விரல் நுழையாத ஓட்டை இது! சிமென்ட் வெச்சு அடைச்சுப் போடறேன்."

"அடைத்தால் அறை இரண்டாகப் பிரியும். அதற்கு அறையில் இருக்கும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும்."

"சம்மதம்!" என்று கத்தினார் மகுடபதி.

மனைவி தெய்வானை மகளின் முகத்தைப் பார்த்தாள். "நான் யோசிச்சுச் சொல்றேனுங்க."

நறுமுகை சுவரை மெல்லத் தட்டினாள்.

ஓட்டை வழியாக மிகுந்த மரியாதையோடு ஒரு குரல் வந்தது.

"எனக்குச் சம்மதமில்லைங்க, மாமா."