வராத பேய்

"டேய் பூச்சி! அந்தச் சவப்பெட்டியை விட்டுட்டு வர்றியா, இல்லையா?" மீசை கத்தினான்.

பூச்சி அசையவில்லை.

பேய் அறை விளையாட்டு. இருட்டறைக்குள் போட்டு அடைத்துவிடுவார்கள். புதிர்களை அவிழ்த்து, பூட்டுகளைத் திறந்து, மணி அடிப்பதற்குள் வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு பேய் வந்து மிரட்டும். இதற்கு டிக்கெட் வேறு.

வந்திருந்த ஃபோர்மேன், மீசை, ஒல்லி, பூச்சி நால்வரும் லிஃப்ட் கம்பெனி ஆட்கள். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய் மீட்பது இவர்கள்தான். ஃபோர்மேனுக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. அவர் இடத்துக்கு யார் என்று நாளைக் காலை அவர் பெயர் சொல்ல வேண்டும். பூச்சியைச் சொல்வதாக இருந்தார். மீசைக்கு அது பொறுக்கவில்லை.

"வாயில்லாப்பூச்சியை எல்லாம் ஃபோர்மேன் ஆக்கினா வெளங்கிடும்ணே! ஒரு தடவை பேய் அறைக்குப் போயிட்டு வருவோம். எவனுக்கு நெஞ்சுல துணிவு இருக்குன்னு தெரிஞ்சிடும்."

அவன்தான் எல்லாரையும் இழுத்து வந்தான்.

வாசலிலேயே பணியாள் சொல்லித்தான் அனுப்பினான். "உள்ளே அழுகை, அலறல், தட்டுற சத்தம் எல்லாம் கேக்கும் சார். எல்லாம் விளையாட்டுதான். கண்டுக்காதீங்க."

கேட்டது. ஸ்பீக்கரில் நரி ஊளையிட்டது. எவளோ அலறினாள். மூலையில் கிடந்த சவப்பெட்டியிலிருந்து தட்டும் சத்தம்.

மூன்று பேர் பூட்டுகளைப் பார்த்துப் பாய்ந்தார்கள். பூச்சி மட்டும் பெட்டியருகே போய் உட்கார்ந்தான். காதை வைத்துக் கேட்டான்.

"உள்ளே ஆள் இருக்கு."

"ஆள் இல்லடா, பேய்!" ஒல்லி சிரித்தான். "வந்து சாவியைத் தேடுற வழியைப் பாரு."

பூச்சி வரவில்லை. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வேடிக்கையே அதற்கப்புறம்தான். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறவன், தொணதொணவென்று பேச ஆரம்பித்துவிட்டான்.

"ஒண்ணும் ஆகாது. இதோ ஆச்சு. மூச்சை மெதுவா விட்டா போதும்... முந்தாநாள் எங்க வீட்டுல குக்கர் ரப்பர் போயிடுச்சு. வாங்கிட்டு வாங்கன்னா பொண்டாட்டி. கடை கடையா ஏறி இறங்கறேன், ஒருத்தன்கிட்டயும் அந்த அளவு இல்ல. ஒரு கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா..."

"தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கிறான் பாருங்கண்ணே!" மீசைக்கு வாயெல்லாம் பல்.

ஃபோர்மேன் பார்த்தார். முகம் சுருங்கியது.

கடைசிப் பூட்டு. சுவரில் நான்கு கை அச்சுகள். நான்கு பேரும் ஒரே சமயத்தில் கை வைத்தால்தான் கதவு திறக்கும்.

"வாடா! ஒரு கைதான் குறையுது!"

"கையை எடுக்க முடியாது."

"பயத்துல கை ஒட்டிக்கிச்சா?"

பூச்சி பெட்டியிடம் குக்கர் கதையைத் தொடர்ந்தான்.

மணி அடித்தது. தோற்றுப்போனார்கள்.

கதவைத் திறந்துவிட்டதும் மூவரும் விறுவிறுவென்று வெளியே வந்தார்கள். பூச்சி கொஞ்சம் தாமதமாக வந்தான். வலது கையில் இரண்டு விரல்களில் நகம் பிய்ந்து ரத்தம்.

"அடப்பாவி, பயத்துல நகத்தையே தின்னுட்டான்!" மீசை முன்னறை அதிரச் சிரித்தான். "பேய்கூட வரலைண்ணே. வராத பேய்க்கே இந்த லட்சணம்! இவன் மாட்டின ஆளை மீட்கப் போனா, இவனை மீட்க இன்னொருத்தன் போகணும்."

பூச்சி, மேசைக்குப் பின்னால் இருந்த பேய் அறை முதலாளியை ஒரு பார்வை பார்த்தான். வாயைத் திறக்கவில்லை.

"உன்னைத்தானேடா நம்பியிருந்தேன்" என்றார் ஃபோர்மேன். "மீசை பேரைத்தான் சொல்லணும் போலிருக்கு. மனசுல வெச்சுக்காதே."

"சரிங்கண்ணே."

அவ்வளவுதான். வண்டி நிறுத்தும் இடத்துக்கு நடந்தார்கள்.

"தம்பி! கொஞ்சம் நில்லுங்க!"

திரும்பினார்கள். வெள்ளை அங்கி, முகமெல்லாம் மாவு, கையில் நீளமாக ஒரு பொய்முடி. ஐம்பதைத் தாண்டிய வழுக்கைத் தலை ஆசாமி, மூச்சிரைக்க ஓடி வந்தார். மீசை இரண்டடி பின்னால் போனான்.

பேய் நேராகப் போய்ப் பூச்சியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"முதலாளி எதிர்ல பேச முடியல தம்பி. வேலைக்குச் சேர்ந்து முதல் நாள், தெரிஞ்சா வேலை போயிடும். நான் கேட்டுக்கிட்டபடி நீங்களும் வாயைத் திறக்கல. பெரிய மனசு. பெட்டியோட வெளிக்கொண்டி தானா விழுந்து இறுகிடுச்சு. உள்ளே காத்தே இல்ல. தட்டுறேன், கத்துறேன். பேய் அறையில பேய் கத்தினா எவன் நம்புவான்? நெஞ்சை அடைச்சிடுச்சு. அப்பத்தான் நீங்க மூடி இடுக்குல விரலை விட்டு நெம்பி, காத்துக்கு வழி பண்ணிட்டுப் பேச ஆரம்பிச்சீங்க."

"கொண்டி?" என்றான் பூச்சி.

"நீங்க என்னைத் திறந்துவிட்டுப் போனதும் பிடுங்கி வீசிட்டேன். இனிமே ஒருத்தனும் மாட்ட மாட்டான்." கண்ணைத் துடைத்தார். மாவு வழிந்தது. "அது சரி, குக்கர் ரப்பர் கெடைச்சுதா, இல்லையா? முடிவைச் சொல்லாமப் போயிட்டீங்களே!"

"கெடைக்கல. புது குக்கரே வாங்கிட்டேன்."

பேய் விழுந்து விழுந்து சிரித்தது. மற்றவர்கள் சிரிக்கவில்லை. மீசை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டுற சத்தம் எனக்கும் கேட்டுச்சுண்ணே" என்றான் ஒல்லி மெதுவாக.

"எனக்கும்தான்" என்றார் ஃபோர்மேன். நீளமாக மூச்சு விட்டார்.

"நல்லவேளைடா, பேரை நாளைக்குத்தான் கேட்டிருக்காங்க."